முடிச்சை மட்டும் மச்சினனிடம் கொடுக்காதீர்கள்

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். எனக்குப் பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. பெட்டிக்குள் குச்சியும் கிடையாது. விரல் நீளத்துக்கு ஒரு பச்சை நூல் இருக்கிறது. அதன் ஒரு முனை மட்டும் சுருண்டு சுருண்டு கிடக்கும். அதுதான் சாட்சி. "அன்னிக்கு விரால் நூலைக் கடிச்சிட்டுப் போயிடுச்சாமே?" என்று யாராவது கேட்டால், ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்து காட்டுவேன். மீன் கடித்த நூல் என்றால் முனை பிசிறு பிசிறாக இருக்கும். இதில் ஒரு பிசிறு இல்லை. முடிச்சு உருவிக்கொண்டு போன நூல் இது. அந்த முடிச்சைப் போட்டது நான் இல்லை, என் மச்சினன்.

புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். யாரையும் குத்திக்காட்ட இல்லை. படித்துவிட்டு அவன் என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். அறுவடை நாளில் சாப்பிட நேரம் இருக்காது. சம்பா கொள்முதல் முடிந்துவிட்டால் அடுத்த குறுவை அறுவடை வரை கை சும்மாதான். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்: வருஷத்தில் நாலைந்து மாதம் வேலை கிடையாது, தெருக்கோடியில் ஒரு குளம், நடந்துபோகிற தூரத்தில் ஓர் ஆறு. தூண்டிலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2020 ஊரடங்கில். அந்த வருஷம் மேட்டூரைப் பல வருஷம் கழித்து வழக்கமான நாளான ஜூன் 12 அன்றே திறந்தார்கள். கல்லணையில் பிரிந்து வெண்ணாற்றில் வருகிற தண்ணீர், எங்கள் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் போகும். புதுத்தண்ணி வந்த அன்றைக்கு ஊரே கரையில் நின்றது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு எல்லோரும் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூங்கில் கழியில் மண்புழு குத்திப் போட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கெண்டை. அந்த ஒரு கெண்டைதான் என்னைக் கெடுத்தது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் யாரும் சொல்லித் தருவதுதான். விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை, சாயங்காலம் நாலு மணிக்கு மேல். நடு வெயிலில் போய் நிற்காதீர்கள். கெண்டைக்கும் சிலேபிக்கும் கோதுமை மாவு, சோறு, புண்ணாக்கு எது வேண்டுமானாலும் போதும். கெளுத்திக்கு மண்புழு. கெளுத்தியின் முதுகிலும் இரண்டு பக்கமும் முள் உண்டு, துணி சுற்றிப் பிடியுங்கள். தேளி குத்தினால் அன்றைய பொழுது போயிற்று. மதகு ஷட்டருக்குக் கீழே இறங்கி நிற்காதீர்கள், எப்போது தூக்குவார்கள் என்று மீனுக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும்; ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், மேலே மின்கம்பி போகிற இடத்தில் வீசாதீர்கள். அடிப்படை இவ்வளவுதான்.

மூங்கில் கழியோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. 2021-ல் ஒரு கடைக்குப் போனேன். எந்த ஊர், என்ன கடை என்று சொல்லமாட்டேன். ஏழு அடி ராடு, ரீல், ப்ரெய்டு நூல், எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். கூடவே ரப்பர் தவளை ஏழு. "விரால் இதைப் பார்த்தா விடாது சார்" என்றார் கடைக்காரர். ஏழு தவளையில் ஐந்தை விரால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்களுக்கு ஒரு தவளை போதும். நூலைப் பற்றி மட்டும் அந்தக் கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் ஊரில் நரம்பு என்கிறோமே, அந்த நைலானுக்குப் போடுகிற முடிச்சு ப்ரெய்டுக்கு நிற்காது. நைலான் கொஞ்சம் இழுபடும், தன்னையே கடித்துக்கொள்ளும். ப்ரெய்டு பட்டுப்புடவை மாதிரி, இழுபடாது, வழுக்கும். 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டவருக்கு இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

குளம் விஷயமும் ஒன்று உண்டு. ஊர்க் குளம்தானே என்று கழியை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். குளம் ஏலத்தில் போயிருக்கும், மீன் குஞ்சு விட்டவர் ஒருத்தர் இருப்பார். அவரிடம் கேட்காமல் போடுவது திருட்டு. எங்கள் குளத்துக் குத்தகைக்காரரிடம் நான் நேராகப் போய்க் கேட்டேன். "கட்லா, ரோகு பக்கம் போகாதீங்க. விரால் எவ்வளவு வேணும்னாலும் புடிச்சுக்கோங்க, எங்குஞ்சையெல்லாம் அதுதான் திங்குது" என்றார். ஆற்றுத் தண்ணீரோடு தானே வந்து சேர்கிற விராலை அவர் களையாகத்தான் பார்த்தார். ஆக, அனுமதியோடுதான் போனேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதிலும் என்மேல் தப்பு என்று பேசினவர்கள் உண்டு.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

2022 தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 25. அன்று சாயங்காலம் சூரிய கிரகணம். மச்சினன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். காலையில் நான் கிளம்பும்போது என் மாமியார், "கிரகணத்தன்னிக்குக் கொளத்தங்கரையில என்ன வேலை?" என்றார்கள். "சாயங்காலம்தானே அத்தை" என்று சொல்லிவிட்டு வந்தேன். மச்சினனும் கூடவே வந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரியாதது என்று ஒன்று இதுவரை அகப்படவில்லை.

ராத்திரி பெய்த மழையில் குளம் படித்துறையின் மேல்படி வரை நின்றது. கரையோரம் வெங்காயத்தாமரை. அதற்கும் அல்லிக்கொடிக்கும் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் தண்ணீர். அந்த இடம் மட்டும் உலை கொதிக்கிறமாதிரி குமிழ் குமிழாகப் பொங்கி அடங்கியது. நாலு அடி தள்ளி மறுபடி பொங்கியது.

"மாமா, அங்க பாருங்க, மழை பெய்யிற மாதிரி இருக்கு. ஆனா மழை இல்ல."

எனக்குத் தெரியும் அது என்னவென்று. விரால் குஞ்சு. நூற்றுக்கணக்கில் செக்கச்செவேலென்று கூட்டமாக நீந்தும். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன் என்பதால், குஞ்சும் மொத்தமாக மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கும். அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். குஞ்சுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் எது வந்து விழுந்தாலும் பசிக்காக இல்லை, கோபத்துக்கே பாய்ந்து கவ்வும். கைபேசியில் பார்த்த வீடியோவில் எல்லாம் அங்கேதான் போடச் சொன்னார்கள். போட்டுவிடலாம் என்று தவளையை எடுத்தேன்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்தத் தவளையை நூலில் கட்ட வேண்டும். "கொண்டாங்க மாமா, நான் கட்டித் தர்றேன்" என்று அவன் வாங்கிக்கொண்டான். நூலை வளையத்தில் விட்டு, ஐந்து சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே நுழைத்து இறுக்கினான். நைலானுக்குப் போடுகிற அதே முடிச்சு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீசினேன். குமிழுக்கு ஒரு முழம் தள்ளித் தவளை விழுந்தது. இரண்டு துடிப்புக் கொடுத்தேன். தண்ணீர் வெடித்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, ஊசிப்பட்டாசு இல்லை, அணுகுண்டு. அவசரப்படக்கூடாது என்று எனக்குத் தெரியும், விரால் தவளையை வாய்க்குள் திருப்பிக்கொள்ள ஒரு மூச்சு நேரம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். பிறகு இழுத்தேன். ராடு வில்லாக வளைந்தது. அந்த மீன் ஒரு தடவை புரண்டு மேலே வந்து பக்கத்தைக் காட்டியது. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்தாலும் அதற்கு மேல் இருக்கும். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆறோ ஏழோ நொடி. ராடு திடீரென்று நிமிர்ந்துவிட்டது.

நூலைச் சுற்றி எடுத்தேன். முனை சுருண்டிருந்தது.

"கடிச்சிருச்சு மாமா. விராலுக்குப் பல்லு இருக்குல்ல" என்றான். விராலுக்குப் பல் இருக்கிறது, உண்மைதான். இவனுக்கு வெட்கம் இல்லை என்பதும் உண்மை. வீட்டுக்கு வந்தால் மாமியார், "நான் அப்பவே சொன்னேனே, கிரகணம்" என்றார்கள். என் மனைவி இரண்டு பேர் பக்கமும் பேசவில்லை. தம்பிக்கு மட்டும் இன்னொரு கரண்டி கறி வைத்தாள். அன்றைக்குத்தான் நூலை நறுக்கித் தீப்பெட்டியில் போட்டேன்.

ஊரில் கதை எப்படிப் பரவியது என்றால், நான் பயந்துபோய் ராடை விட்டுவிட்டேனாம். அப்போது எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினால் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும். சரக்கு ரயில் முன்னும் பின்னும் போய் வருவதற்குள் இந்தக் கதையை ஒரு பேருந்து முழுக்கச் சொல்லிவிடலாம். சொன்னார்கள்.

இத்தனையும் மச்சினன் முடிச்சால் வந்தது. ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அந்த முடிச்சு சரியில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. கையில் சுற்றி ஓர் இழு இழுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே உருவியிருக்கும். ஏன் பார்க்கவில்லை? ஏன் அவனிடம் கொடுத்தேன்? எனக்கு நாற்பத்தேழு வயது. வெள்ளெழுத்து. தவளையின் மூக்கில் இருக்கிற வளையம் எனக்கு ஒரு மங்கல் புள்ளியாகத்தான் தெரியும். பட்டியல் எழுதும்போது கண்ணாடி போடுவேன். படித்துறையில் பத்துப் பேர் பார்க்கும்போது போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். "கொண்டாங்க மாமா" என்று அவன் கையை நீட்டியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆகையால் உங்களுக்கு என் முதல் அறிவுரை: உங்கள் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போங்கள். நாற்பது தாண்டியவர் எல்லோருக்கும் சொல்கிறேன். ராடு வாங்குவதற்கு முன்னால் கண்ணாடிக் கயிறு வாங்குங்கள், இருபது ரூபாய்.

இரண்டாவது, முடிச்சு. ப்ரெய்டுக்கு நான் இப்போது போடுவது பாலோமர் முடிச்சு. நூல் முனையை ஒரு சாண் நீளத்துக்கு மடித்து இரட்டையாக்குங்கள். அந்த மடிப்பைத் தவளையின் வளையத்துக்குள் நுழையுங்கள். நுழைத்த மடிப்பைக் கொண்டு இரட்டை நூலின் மேலேயே சாதாரணமாக ஒரு முடிச்சுப் போடுங்கள், இறுக்காமல் தளர்வாக. இப்போது நுனியில் ஒரு காது மாதிரி வளையம் இருக்கும். அதை விரித்துத் தவளை முழுவதையும் அதற்குள் விட்டு எடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நூலை வெடுக்கென்று இறுக்கினால் உரசிச் சூடாகும், நைலானாக இருந்தால் அங்கேயே பலம் போய்விடும். மிச்ச முனையை ஒட்ட வெட்டாமல் ஒரு நெல்மணி நீளம் விடுங்கள். கடைசியில், துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஓர் இழு. இந்த இழு இல்லாத முடிச்சு முடிச்சே இல்லை. யார் கட்டிக் கொடுத்தாலும், உங்கள் அப்பாவே கட்டிக் கொடுத்தாலும், இழுத்துப் பாருங்கள்.

தவளை போனால் 250 ரூபாய், மானம் போனால் கொஞ்ச நாள். மூன்றாவதாகப் போன ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் விடியற்காலை குளத்துக்குப் போனேன், தவளை எங்காவது மிதக்கிறதா என்று பார்க்க. எங்கள் குளத்தில் தினமும் மூங்கில் கழியோடு உட்காரும் பெரியவர் ஒருவர் உண்டு. அவர் பக்கத்தில் போய் நின்றேன். வெங்காயத்தாமரை ஓரத்தில் குஞ்சுக் கூட்டம் நேற்றுப் போலப் பந்தாக இல்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் குமிழ் விட்டது. ஒரு மீன்கொத்தி வந்து வந்து போனது. தண்ணீருக்கு அடியில் என்னவோ சளக் சளக்கென்று புரண்டது.

"கெளுத்தியும் குறவையும் பந்தி நடத்துது தம்பி" என்றார் பெரியவர். "காவலுக்கு நின்னதைத்தானே நீங்க நேத்து குத்துனீங்க."

நான், முடிச்சு உருவிவிட்டது, மீன் உயிரோடுதான் போயிற்று என்றேன்.

"வாயில ரெண்டு முள்ளோட அது குஞ்சைப் பாக்குமா, வலியைப் பாக்குமா?"

தீப்பெட்டியை எடுத்துக் காட்டலாம் என்று பையில் கை வைத்தேன். காட்டவில்லை. அவர் கேட்டது முடிச்சைப் பற்றி இல்லை. ஒன்பது நாள் கழித்துத் தவளை கரை ஒதுங்கியது. ஒரு முள் மட்டும் வளைந்திருந்தது. மீன் உதறிவிட்டிருக்கிறது. அதற்குள் குளத்தில் ஒரு குமிழும் இல்லை.

நல்ல முடிச்சாக இருந்திருந்தால் அந்த மீன் என் வீட்டுச் சட்டியில் குழம்பாகியிருக்கும், குஞ்சுக்கு அப்போதும் இதே கதிதான். ஆகவே இந்த ஒரு தப்பு மச்சினன் கணக்கில் வராது. குமிழ் பொங்குகிற இடத்தில் தூண்டில் போடாதீர்கள். அங்கே போட்டால் நிச்சயம் கடிக்கும், அதனால்தான் போடக்கூடாது. குஞ்சு செம்மை மாறிக் கூட்டம் கலைகிற வரை சில வாரம் அந்த ஓரத்தை விட்டுவிடுங்கள். சிலேபியைப் பாருங்கள், அது குஞ்சை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றிக்கொள்கிறது. 1952-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் இன்றைக்கு எல்லாக் குளத்திலும் அதுவே என்று நிற்கிறது. நம் விரால் வெளியே நின்று காவல் காக்கிறது, அதனால் தூண்டிலில் மாட்டுகிறது.

பிடித்த மீனை விடுவது வெள்ளைக்காரன் பழக்கம் என்று டீக்கடையில் சொல்வார்கள். நாகப்பட்டினத்து அதிபத்த நாயனாரை மறந்துவிட்டார்கள். வலையில் விழுந்ததில் ஒன்றைத் தினமும் சிவனுக்கென்று கடலில் விட்டவர் அவர். ஒரே ஒரு மீன் கிடைத்த நாளிலும் அதையே விட்டவர். நாம் நாயனார் இல்லை, பத்துக்கு இரண்டாவது விடலாம். விடுவதாக இருந்தால் முள்ளின் கொக்கியை முன்பே கட்டிங் பிளேயரால் நசுக்கிவிடுங்கள், கழற்ற எளிது. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் இரக்கம் காட்டித் திரும்ப விடாதீர்கள், அது வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன், மற்றதையெல்லாம் தின்றுவிடும்.

கடைசியாக, "வேலையத்தவன்" என்கிறவர்களுக்கு. "விரால் கிலோ 600 ரூபாய், வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்று என்னைக் கேட்டவர்கள் இரண்டு மணிநேரம் சீட்டாடுகிறவர்கள். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச். எஸ். தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1887-ல் இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். நம் காவிரியில் கலக்கிற கபினியில் 1946-ல் வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு மஹ்சீர் மீன் ஒன்றைத் தூண்டிலிலேயே பிடித்தார், ஐம்பத்து நாலு கிலோ. குறுந்தொகையில் ஆலங்குடி வங்கனார் மரத்திலிருந்து உதிர்கிற மாம்பழத்தைக் கவ்வுகிற வாளை மீனைப் பாடியிருக்கிறார். அது எங்கள் பக்கத்து ஆலங்குடிதான் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். மீன் கவ்வுவதை ஒரு புலவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவரை யாரும் வேலையத்தவன் என்று சொல்லவில்லை.

போன பொங்கலுக்கு மச்சினன் வந்திருந்தான். காணும் பொங்கல் அன்று குளத்தங்கரைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நூலை மடித்தேன். "கொண்டாங்க மாமா" என்று கையை நீட்டினான். என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று கொடுத்தேன். மடித்தான், நுழைத்தான், முடிச்சுப் போட்டான், தவளையை வளையத்துக்குள் விட்டு எடுத்தான், எச்சில் தொட்டான். எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறான். நான் துணியைக் கையில் சுற்றி ஓர் இழு இழுத்தேன். நிற்கிறது. இன்னும் பலமாக இழுத்தேன். நிற்கிறது.

வெட்டிவிட்டு நானே மறுபடி போட்டுக்கொண்டேன்.

அவன் சிரித்தான். அவன் முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன், அவனிடம் சொல்லவில்லை.